120 நாள் கெடு ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுக்கும் வேண்டும்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு முன்னாள் ஹவில்தாரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேருமாக நீங்கள் 57 பேர் இருக்கிறீர்கள். நான் பட்டாளத்தில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அப்பா போனார், நான் போனேன், இப்போது என் தங்கை மகன் போயிருக்கிறான். அண்மையில் அவனுக்கு ஹவில்தாருக்கு ஒரு படி கீழே உள்ள நாயக்காகப் பதவி உயர்வு கிடைத்தது. லீவில் வந்தவன், புதிய சட்டைக் கையில் இரண்டு பட்டைகளைத் தைத்துத் தரும்படி என் மனைவியிடம் கொடுத்தான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அடுத்த போஸ்டிங் எங்கே என்று கேட்டேன். "நாகாலாந்து, மாமா" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இந்த மடலைத் தொடங்கினேன். பதற்றப் பகுதியில் சுட்ட பட்டாளத்தார் மீது வழக்கு நடத்த அனுமதி கேட்டால், ஒன்றிய அரசு 120 நாளுக்குள் முடிவு சொல்லும்படி சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டு பட்டைகளுக்கு நம் நாட்டுச் சட்டம் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், 4-ஆவது பிரிவு. பதற்றப் பகுதி என்று அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடத்தில் ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடுவதற்கும், ஆயுதம் எடுத்துச் செல்வதற்கும் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடையை ஒருவர் மீறினால், பொது ஒழுங்கைக் காக்க அவசியம் என்று தமக்குத் தோன்றினால், தாம் போதும் என்று கருதும் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு, உயிரே போகும் அளவுக்குச் சுடலாம். தோன்றவேண்டியது ஒரு கர்னலுக்கோ மேஜருக்கோ மட்டுமல்ல. ஹவில்தாருக்கும் நாயக்குக்கும் தோன்றினாலே போதும். என் தங்கை மகனுக்கு வயது இருபத்தெட்டு.

நானும் நாயக்காக நாகாலாந்தில் இருந்தவன். 1996-இன் குளிர்காலம். போர்நிறுத்தம் வருவதற்கு முந்திய ஆண்டு. விடிவதற்கு முன்பே ஏழு பேராகப் போய், காட்டை எரித்து விதைக்கும் மலைச்சரிவு ஒன்றின் ஓரத்தில் பதுங்கிக் கிடந்தோம். மூன்று பேர் ஆயுதத்துடன் அந்த வழியாக வரக்கூடும் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்திருந்தது. மலைப்பனியில் முதலில் அசைவு தெரியும், அப்புறம் உருவம் தெரியும், நிறம் கடைசியாகத்தான் தெரியும். அசைவு தெரிந்தது. எண்ணினேன், மூன்று. தோளுக்கு மேல் குழல் நீட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. என் வலப்பக்கம் கிடந்தவன் தேனிப் பக்கத்துப் பையன், பட்டாளத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அவன் துப்பாக்கியின் பூட்டை விலக்கும் சத்தம் கேட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கையை உயர்த்தவில்லை. யார் என்று தெரியாத வரை விரலை விசைக்கு வெளியே வை என்று எங்கள் சுபேதார் தலைதலையாக அடித்துச் சொல்லியிருந்தார். இன்னும் இருபது அடி நெருங்கிய பிறகுதான் முன்னால் வந்தவரின் தோளில் சிவப்பு தெரிந்தது. நாகர் கிராமங்களில் ஊர்ப் பெரியவருக்கு அரசு அங்கீகாரத்தோடு வரும் சிவப்புப் போர்வை. காவ்ன்புரா என்று அவரை அழைப்பார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் நில் என்று கத்தினேன். மூவரும் அப்படியே நின்றார்கள். துப்பாக்கிகள் குழல் வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டு வகை. பின்னால் வந்த பையனின் கூடையில் இரண்டு பறவைகளும் ஓர் அணிலும் கிடந்தன. பெரியவர் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் எங்களுக்குக் காட்டியபடி நின்றார். என் தண்ணீர்க் குப்பியைக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் மார்பில் வழிந்தது.

அன்று நான் சுட்டிருந்தால் சட்டம் என்னை என்ன செய்திருக்கும் என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். ஆயுதம் எடுத்துச் சென்றார்கள் என்பது உண்மை. தடை இருந்ததும் உண்மை. அவசியம் என்று எனக்குத் தோன்றியது என்று சொல்வதற்கு நான் உயிரோடு இருந்திருப்பேன். தோன்றவில்லை என்று நிரூபிக்க அந்த மூன்று பேரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தின் வேர் வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை நசுக்குவதற்காக 1942 ஆகஸ்ட் 15 அன்று வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்த அதுவும் அனுமதித்தது. ஆனால் அந்த உத்தரவைப் பிறப்பிப்பவர் குறைந்தது கேப்டனாக இருக்கவேண்டும், உத்தரவு எழுத்தில் இருக்கவேண்டும் என்று அதில் இருந்தது. நாம் விடுதலை பெற்று, அரசமைப்புச் சட்டம் எழுதி, தேர்தல் நடத்தி, நம்முடைய நாடாளுமன்றத்தில் 1958-இல் இயற்றிய சட்டத்தில் கேப்டன் போய் ஹவில்தாரும் நாயக்கும் வந்தார்கள். எழுத்து மூலமான உத்தரவும் போய்விட்டது. நம்மை அடிமையாக வைத்திருந்தவன் தன் சிப்பாய்க்குப் போட்ட கடிவாளத்தை நாமே அவிழ்த்துவிட்டோம் என்பது எனக்கு இன்றும் நெஞ்சில் குத்துகிறது. அன்று மக்களவையில் மணிப்பூர் உறுப்பினர் லைஷ்ராம் அச்சா சிங் எழுந்து, இது சட்டமே இல்லாத சட்டம், இருக்கிற குற்றவியல் சட்டங்களே போதும் என்று வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

இருக்கிற சட்டங்கள் என்று அவர் சொன்னது வெறும் வார்த்தை இல்லை. உள்நாட்டில் ராணுவத்தை அழைப்பதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 130 முதல் 132 வரையிலான பிரிவுகள் இருந்தன. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 149 முதல் 151 வரை இருக்கின்றன. சட்டவிரோதக் கூட்டத்தைப் போலீஸாலும் கலைக்க முடியாவிட்டால், அங்கே இருக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட்டோ அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ ராணுவத்தின் உதவியைக் கேட்கலாம். ராணுவம் முடிந்த அளவுக்குக் குறைந்த பலத்தையே பயன்படுத்தவேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் குறைந்த சேதமே விளைவிக்கவேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே வழியில்லை என்றால் ஓர் அதிகாரி தாமாகச் செயல்படலாம். தொடர்பு கிடைத்த அடுத்த நொடியே மாஜிஸ்திரேட்டின் சொல்லுக்குக் கட்டுப்படவேண்டும். அந்த வரிகளைப் படித்தால் ராணுவம் யாருக்கு உதவ வந்திருக்கிறது, யாருக்குக் கட்டுப்பட்டது என்பது சந்தேகமில்லாமல் புரியும். 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் படகோடு வந்த ராணுவத்தைப் பார்த்து நீங்களும் நானும் நிம்மதி அடைந்தோம் அல்லவா? அந்த ராணுவமும் குடிமை நிர்வாகத்துக்கு உதவியாகத்தான் வந்தது.

ஓட்டிங் கிராமத்துக்கு வருகிறேன். நாகாலாந்தின் மோன் மாவட்டம். 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை மாலை. நிலக்கரிச் சுரங்கத்தில் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறை வீட்டில் கழிக்க ஒரு பிக்-அப் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ராணுவத்தின் சிறப்புப் படையினர் சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அவர்களைத் தேடி வந்த ஊர்மக்களோடு மோதல் மூண்டு மேலும் ஏழு பேரும் ஒரு ராணுவ வீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர் இறந்தார். தீவிரவாதிகள் என்று தவறாக நினைத்துச் சுட்டுவிட்டதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். அந்த மாதமே, இந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று நாகாலாந்து சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மாதம் முடிவதற்குள் ஒன்றிய அரசு பதற்றப் பகுதி அறிவிப்பை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்தது.

நாகாலாந்து போலீஸ் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து விசாரித்து, 2022 ஜூனில் ஒரு மேஜர் உட்பட 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வந்தவர்கள் யார் என்பதை உறுதிசெய்யவில்லை, வகுத்துக் கொடுத்த நடைமுறையைப் பின்பற்றவில்லை, கண்மூடித்தனமாகச் சுட்டார்கள் என்பது போலீஸின் முடிவு. அது சரியா தவறா என்று சொல்ல நான் நீதிபதி இல்லை. நீதிபதியும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் வேதனை. காரணம் 6-ஆவது பிரிவு. இந்தச் சட்டத்தின்படி செயல்பட்டதாகச் சொல்லப்படும் யார் மீதும் ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அனுமதி கேட்கப்பட்டது. 2023-இல் மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்து, பின்னால் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்று சொன்னது. ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை. சுட்டவர்கள் தங்கள் தரப்பைச் சொல்லவும் வாய்ப்பில்லை, மகனை இழந்தவர்கள் கேள்வி கேட்கவும் வாய்ப்பில்லை.

ஓட்டிங் தனி நிகழ்ச்சி என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஜம்மு-காஷ்மீருக்கு 1990-இல் இதே மாதிரிச் சட்டம் தனியாக வந்தது. அங்கிருந்து வழக்கு நடத்த அனுமதி கேட்டு வந்த 50 கோரிக்கைகளில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் இருக்கின்றன என்று பாதுகாப்புத் துறை இணையமைச்சர் 2018 ஜனவரியில் மாநிலங்களவையில் பதில் அளித்தார். ஒன்றுக்குக்கூட அனுமதி இல்லை. ஐம்பதும் உண்மை வழக்கு என்று நான் சொல்லவில்லை. ஐம்பதில் ஒன்றுகூட நீதிமன்ற வாசலை மிதிக்கத் தகுதியானது இல்லை என்றால் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பட்டாளத்தில் 24 ஆண்டுகள் இருந்தவன் நான். எங்களில் பெரும்பாலோர் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும், சிலர் எப்படிப்பட்டவர்கள் என்றும் தெரியும்.

மணிப்பூரில் போலி மோதல்கள் என்று 1,528 சாவுகளைப் பட்டியலிட்டு, கணவரையும் பிள்ளையையும் இழந்த குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் போயின. நீதிமன்றம் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து ஆறு சம்பவங்களை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னது. 2013-இல் வந்த அறிக்கையில் ஆறும் உண்மையான மோதல் இல்லை என்று இருந்தது. செத்தவர்களில் ஒருவன் பன்னிரண்டு வயதுப் பையன். 2016 ஜூலையில் நீதிபதிகள் லோக்கூரும் லலித்தும், பதற்றப் பகுதியாக இருந்தாலும் ராணுவத்துக்கு முழு விலக்கு கிடையாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தார்கள்.

அதற்கும் முன்னால், 1997 நவம்பரில், ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்றே சொன்னது. அந்தத் தீர்ப்பை அரசு எப்போதும் எடுத்துக் காட்டுகிறது. அதே தீர்ப்பில் இருப்பவற்றையும் நீங்கள் எடுத்துக் காட்டவேண்டும். ராணுவம் குடிமை நிர்வாகத்துக்கு உதவத்தான் வரலாம், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அறிவிப்பை ஆறு மாதத்துக்குள் மறுஆய்வு செய்யவேண்டும். ராணுவத் தலைமை கொடுத்த செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை பட்டியல் எங்களைக் கட்டுப்படுத்தும். வழக்கு நடத்த அனுமதி மறுத்தால் ஒன்றிய அரசு காரணத்தை எழுதவேண்டும், அந்தக் காரணத்தை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். ஐந்து நீதிபதிகள் அவ்வளவு சொன்னார்கள். எத்தனை நாளுக்குள் முடிவு செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஓட்டையில்தான் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் விழுந்து கிடக்கின்றன.

இதற்கு மாற்று உங்கள் அவையிலேயே இருக்கிறது. புதிய சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அரசு ஊழியர் ஒருவர் கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு வழக்கு நடத்த அனுமதி கேட்டால், அரசு 120 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இது. தலைமைச் செயலாளர் மீதான வழக்குக்கே 120 நாள் கெடு என்றால், மனித உயிர் போன வழக்கில் 6-ஆவது பிரிவுக்கு மட்டும் ஏன் கெடு இல்லை? ஒரு வரித் திருத்தம் போதும். 120 நாளுக்குள் காரணத்தோடு முடிவு, இல்லையேல் அனுமதி கிடைத்ததாகப் பொருள். மறுத்தால் அந்த உத்தரவின் நகல் இறந்தவரின் குடும்பத்துக்குப் போகவேண்டும். அவர்கள் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக அது வேண்டும்.

என் பழைய தோழர்கள் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படுவார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரியும். 2018-இல் 300-க்கும் மேற்பட்ட ராணுவத்தினர், பதற்றப் பகுதியில் கடமை செய்ததற்கு எங்கள் மீது வழக்குப் போடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். மனு தள்ளுபடியானது. எதிரி யார், ஊர்க்காரன் யார் என்று தெரியாத இடத்தில் நாயாய் அலைந்து, பக்கத்தில் படுத்திருந்தவன் செத்து விழுவதைப் பார்த்தவர்களின் மனு அது. பொய் வழக்கிலிருந்து சிப்பாயைக் காக்கும் வேலி இருக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நல்லெண்ணத்தோடு செய்தானா என்பதை ஒரு நீதிபதி பார்க்கட்டும் என்கிறேன். டெல்லியில் ஓர் அலமாரிக்குள் கோப்பு கிடந்தால் சிப்பாயின் பெயரும் சேர்ந்துதான் அங்கே கிடக்கிறது. தவறு செய்யாத பட்டாளத்தானுக்கு 'குற்றமற்றவன்' என்ற தீர்ப்பு வேண்டும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற காகிதம் அவனைக் கடைசி வரை சந்தேகத்தோடு நிறுத்திவைக்கும்.

ராணுவ நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். 2000 மார்ச்சில் காஷ்மீரின் பத்ரிபலில் ஐந்து பேர் கொல்லப்பட்டதை விசாரித்த சிபிஐ, திட்டமிட்ட கொலை என்று சொன்னது. எந்த நீதிமன்றம் என்று ராணுவமே தேர்ந்தெடுக்கலாம் என 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, ராணுவம் வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2014 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று மூடிவிட்டது.

சட்டத்தையே எடுத்துவிடவேண்டும் என்று சொன்னவர்கள் ராணுவத்தை அறியாதவர்கள் இல்லை. 2004-இல் இந்தச் சட்டத்துக்கு எதிராக மணிப்பூரே கொந்தளித்த பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி ஜீவன் ரெட்டி குழுவில் லெப்டினன்ட் ஜெனரல் வி.ஆர். ராகவன் உறுப்பினராக இருந்தார். 2005 ஜூனில் அந்தக் குழு, சட்டத்தை ரத்து செய்துவிட்டுத் தேவையான பிரிவுகளை மட்டும் வேறொரு சட்டத்தில் உரிய பாதுகாப்புகளோடு சேர்க்கலாம் என்றது. நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் அறிக்கை வந்து இத்தனை வருடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால்தான் ஒரு வரித் திருத்தத்துக்காவது உங்களிடம் வருகிறேன். திரிபுராவில் 2015-இலும் மேகாலயாவில் 2018-இலும் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022-க்குப் பிறகு அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் மணிப்பூரிலும் பரப்பு குறைந்தது. அதை நான் மறைக்கவில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் 2024 நவம்பரில் மணிப்பூரின் ஆறு காவல் நிலைய எல்லைகளில் அது மீண்டும் வந்தது. ஓர் அரசிதழ் அறிவிப்பில் போகிறது, இன்னோர் அறிவிப்பில் வருகிறது.

அந்த அறிவிப்புகளில் ஒன்றுக்காவது நீங்கள் வாக்களித்ததுண்டா? நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஏற்கவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஏற்கவேண்டும். மாநில ஆட்சியைக் கலைத்தால் இரண்டு மாதத்துக்குள் உங்கள் முன் வந்தாகவேண்டும். ஆனால் ஒரு மாவட்டத்து மக்களைப் பல பத்தாண்டுகள் சிப்பாயின் விரலுக்குக் கீழே வைக்கும் அறிவிப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வாசல் வழியாக வராமலே புதுப்பிக்கப்படுகிறது. முதலில் இந்த அறிவிப்பு மாநில ஆளுநரின் கையில்தான் இருந்தது. 1972 திருத்தம் அதை ஒன்றிய அரசுக்கும் கொடுத்தது. மாநில உரிமை என்று மேடைதோறும் பேசும் மண்ணிலிருந்து போயிருக்கிறீர்கள். சட்டப்பேரவை ஒருமனதாக வேண்டாம் என்று சொன்ன பிறகும் நாகாலாந்தில் அது தொடர்ந்ததே, அதுவும் மாநில உரிமைதான். அவர்களுக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஓர் இடம். உங்களுக்கு 39.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள். 6-ஆவது பிரிவுக்கு 120 நாள் கெடு, 3-ஆவது பிரிவின்படி வரும் பதற்றப் பகுதி அறிவிப்புக்கு இரு அவைகளின் ஒப்புதல். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அரிது என்பது எனக்கும் தெரியும். அதுவரை கேள்வி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த அனுமதிக் கோரிக்கைகள் எத்தனை, எத்தனை மறுக்கப்பட்டன, ஒவ்வொன்றும் எத்தனை நாள் கிடந்தது, மறுத்ததற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அது அவைக் குறிப்பில் ஏறும். ஓட்டிங் குடும்பங்களின் கையில் அப்படி ஒரு காகிதமாவது இருக்கும்.

என் தங்கை மகன் வரும் 14-ஆம் தேதி காட்பாடியில் ரயில் ஏறுகிறான். பனியைப் பற்றியும் சிவப்புப் போர்வையைப் பற்றியும் அவனிடம் சொல்லிவிட்டேன். சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்